இருபத்தைந்து கிண்ணம் சோடா

வலது கையில் ஸ்பூன், இடது கையில் கத்தி. ஸ்பூன் டப்பாவுக்குள் போய்ச் சமையல் சோடாவைக் குவியலாக அள்ளி வரும். கத்தியின் முதுகு அந்தக் குவியலை ஒரே இழுப்பில் வழித்துவிடும். மிஞ்சியது டப்பாவுக்குள்ளேயே விழும். பிறகு ஸ்பூன் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் கவிழும்; ஆள்காட்டி விரல் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டும். அடுத்த கிண்ணம். பதினேழு, பதினெட்டு. உதடு அசையாமல் எண்ணிக்கை உள்ளுக்குள்ளேயே ஓடும். இருபத்தைந்து வந்ததும் கைகள் நின்றன. முதலிலிருந்து ஒவ்வொரு கிண்ணமாகத் தொட்டு மறுபடி எண்ணின. அப்போதும் இருபத்தைந்துதான்.

கைகளின் சொந்தக்காரிக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலை செய்யும் சமையல் பள்ளியில் அவருக்குச் செக்கிங்கக்கா என்று பெயர். மூடிய அடுப்பை இன்னொரு தடவை மூடிப் பார்ப்பார். கழுவி அடுக்கிய கத்திகளை முனை ஒரே பக்கம் பார்க்கிறதா என்று திருப்பித் திருப்பி வைப்பார். அவர் தலை தெரிந்தால் போதும், "செக்கிங் வருது, டிக்கெட்டக் கைல எடுத்துக்கங்கப்பா" என்று பாத்திரம் கழுவுகிறவர்கள் சிரிப்பார்கள். பள்ளியின் வேனை ஓட்டும் அவர் கணவர் சொல்வது வேறு. "பாதி வழில வண்டியத் திருப்பிப் போய், வீட்டுப் பூட்ட ஆட்டிப் பார்த்துட்டு வந்தே எனக்குப் பாதி ஆயுசு போச்சு."

இந்தப் பயம் பிறவியில் வந்ததில்லை. இருபது வயதில் அக்கா வீட்டில் இருந்தபோது, கொதித்த பால் பாத்திரத்தை மேடையின் விளிம்பில் இறக்கி வைத்துவிட்டு, டம்ளர் எடுக்க இரண்டே எட்டு நகர்ந்தார். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் குழந்தை அதைப் பிடித்து இழுத்துவிட்டது. பிழைத்துக்கொண்டது, இன்று அவன் வேலைக்குப் போகிற ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். அன்று யாரும் இவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை அன்றோடு போயிருக்கும்.

பள்ளியில் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தார். அளவு யாரும் சொல்லித் தரவில்லை. கழுவ வந்த கிண்ணங்களில் ஒட்டியிருந்ததைப் பார்த்து எது எவ்வளவு என்று தெரிந்துகொண்டார். ஒரு நாள் தட்டு அடுக்குகிற ஆள் வராமல் போக, இவர் அடுக்கினார். பதினான்கு வருடமாக இவர்தான் அடுக்குகிறார். ஒரு தட்டுக்கு ஏழு கிண்ணம். முதலில் சேர்க்க வேண்டியது இடது ஓரத்தில், கடைசியாகச் சேர்க்க வேண்டியது வலது ஓரத்தில். எந்தக் கிண்ணத்திலும் பெயர் எழுதி ஒட்டுவது கிடையாது. பெயர் ஒட்டினால் ஜனங்கள் காகிதத்தைப் படித்துக்கொண்டு நிற்பார்கள், தான் சொல்வதைக் கேட்க மாட்டார்கள் என்று பாடம் நடத்தும் மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் தட்டில் ஒரு கிண்ணம் இருக்கும் இடம்தான் அதன் பெயர்.

உணவுத் திருவிழாவின் மூன்றாம் நாள் அது. பெரிய கண்காட்சிக் கூடம். நடுவில் மேடை, அதில் மாஸ்டரின் மேசை, தலைக்கு மேலே காமிரா, பின்னால் அகலமான திரை. மேடைக்கு முன்னால் நான்கு வரிசையாக இருபத்து நான்கு மேசைகள். பெயர் கொடுத்தவர்கள் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, மாஸ்டர் செய்வதைப் பார்த்து அவரவர் மேசையில் செய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் இருநூறு நாற்காலிகளில் வேடிக்கை பார்க்கிறவர்கள். மேடைக்குப் பின்புறம் கறுப்புத் துணி கட்டி மறைத்த பத்தடி அகல இடம்தான் செக்கிங்கக்காவின் ராஜ்ஜியம். ஒரு நீள மேசை, பக்கத்திலேயே ஒரு சிங்க்.

மதிய வகுப்பு எலுமிச்சை கேக். காலை வகுப்பில் சர்க்கரைப் பாகு தீய்ந்து ஒரு வாணலியின் அடி கரியாகிப் போயிருந்தது. சாதாரணச் சோப்புக்கு அது மசியாது. அடிப்பிடித்ததைக் கரைக்கவென்று ஒரு வெள்ளைத் தூள் உண்டு. ஈரம் பட்டால் சூடேறும், தோலில் பட்டால் புண்ணாக்கும், நாக்கில் பட்டால் கேட்கவே வேண்டாம். அந்தத் தூள் டப்பா மாவு மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பதே செக்கிங்கக்காவுக்குப் பொறுக்கவில்லை. யாராவது தட்டிவிட்டால்? மாவில் சிந்திவிட்டால்? அதனால் டப்பாவை வேனிலேயே வைத்துப் பூட்டச் சொன்னார். தேவைப்பட்ட ஒரே ஒரு ஸ்பூனை மட்டும், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வந்து சிங்க் ஓரத்தில் வைத்தார். வகுப்பு தொடங்கிய பிறகு நிதானமாக வாணலியை ஊறவைக்கலாம்.

சோடாவுக்கு அவர் எடுத்த அதே அளவுக் கிண்ணம் அது. அப்போது அது அவருக்கு உறைக்கவில்லை.

கேக்கில் கடைசியாகச் சேர்க்கும் சோடாவின் கிண்ணங்களைத் தட்டுகளின் வலது ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மேடையிலிருந்து கூப்பிட்டார். வெண்ணெய் இன்னும் இளகவில்லையாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை வைத்து முடித்தார். உடனே துணியை விலக்கிக்கொண்டு விழாப் பொறுப்பாளர் தலையை நீட்டினார். "மணி ஆச்சும்மா. தட்டெல்லாம் கிளம்பட்டும்." செக்கிங்கக்கா ஒரு தடவை பார்த்தார். ஒவ்வொரு தட்டிலும் ஏழு கிண்ணம் இருந்தது. எண்ணிக்கை சரி. அவருடைய அண்ணன் மனைவியும் அதே பள்ளியில் பரிமாறும் வேலை செய்கிறவர். அண்ணிதான் தட்டுகளை மேசை மேசையாகக் கொண்டு போய் வைத்தார்.

வகுப்பு தொடங்கியது. வெளியே மாஸ்டர், "வெண்ணெயைப் பார்த்துக் கோபப்படக் கூடாது, அது நம்ம மாமியார் இல்ல, மெதுவா அடிங்க" என்று சொல்ல, கூடம் சிரித்தது. செக்கிங்கக்கா மேசையைத் துடைக்க, மடித்துப் போட்டிருந்த துணியை எடுத்தார்.

துணிக்கு அடியில் ஒரு கிண்ணம் இருந்தது. நிரம்பாமல், வழித்த ஒரு ஸ்பூன் அளவு வெள்ளைப் பொடி.

ஒரு துளி தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். உப்புக் கரிப்பு, சோப்பு வாடை. சோடாதான். இருபத்தைந்தில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து தட்டுகளிலும் ஏழு கிண்ணம் இருந்ததை அவர் கண்ணால் பார்த்தாரே?

மெல்லத் திரும்பி சிங்க் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஈரம் மட்டும் இருந்தது.

வாளி அருகே குந்தியிருந்த அண்ணியிடம் போனார்.

"அண்ணி, சிங்க் ஓரமா ஒரு கிண்ணம் வச்சிருந்தேனே."

"எத்தனையோ கிண்ணம் வச்சீங்க நாத்தனாரே. எல்லாத்தையும் கழுவிக் கவுத்தாச்சு."

"கழுவிட்டீங்களா? அதுல வெள்ளையா தூள் இருந்துச்சா?"

"தண்ணிக்குள்ள போட்டப்புறம் வெள்ளை என்ன, கறுப்பு என்ன?" அண்ணி நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஏன்? என்ன ஆச்சு?"

"தட்டுல ஏதாவது குறைஞ்சுதா? நீங்க எதையாவது எடுத்து வச்சீங்களா?"

"நீங்க வெண்ணெய் பார்க்கப் போனப்போ, வச்சு முடிச்ச தட்டுல ஒண்ணுல ஆறுதான் இருந்துச்சு. கடைசிக் கிண்ணம் இல்ல. உங்கள வேற எதுக்குக் கூப்பிட்டு பதறடிக்கணும்னு நானே ஒண்ணு எடுத்து வச்சேன்."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"இங்கேருந்துதான்."

"இங்கன்னா? மேசையிலேருந்தா, சிங்க் ஓரத்துலேருந்தா?"

அண்ணி மேசையைப் பார்த்தார், சிங்க்கைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். "மேசையிலேருந்துன்னுதான் நினைக்கிறேன்" என்றார். பிறகு, "தெரியலயே" என்றார்.

"எந்தத் தட்டு?"

"எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு, நான் என்னத்தக் கண்டேன்?"

செக்கிங்கக்கா கறுப்புத் துணியின் இடுக்கு வழியே பார்த்தார். இருபத்து நான்கு மேசை. மாஸ்டர் மேசையோடு இருபத்தைந்து. எல்லாத் தட்டிலும் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் பளபளத்தது. கடைசிக் கிண்ணத்தைச் சேர்க்க இன்னும் கால் மணி நேரமாவது இருக்கிறது. ஆனால் அவர் பயந்தது அந்தக் கால் மணி நேரத்துக்கு அல்ல. வகுப்புக்கு வருகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எது உப்பு, எது சர்க்கரை என்று விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்கள். பதினான்கு வருடத்தில் நக்காத வகுப்பு என்று ஒன்றை அவர் பார்த்ததில்லை.

இரண்டாம் வரிசையில் ஏழாம் மேசையில் வயதான ஒரு கணவனும் மனைவியும். பெரியவர் வெண்ணெய் பக்கமே போகவில்லை. மாவுக் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கினார். மனைவி அவர் கையில் ஒன்று போட்டார். அவர் அடுத்த கிண்ணத்துக்குப் போனார்.

உடனே ஓட வேண்டும். ஆனால் துணிக்குப் பின்னாலேயே நின்றார். போன வருடமும் இதே மேடைதான். எரிவாயு கசிகிற வாடை என்று செக்கிங்கக்கா வகுப்பின் நடுவில் ஓடிப்போய் நிறுத்தினார். கூடத்தைக் காலி செய்தார்கள். முக்கால் மணி நேரம் தேடியபின் கிடைத்தது ஒரு கூடை அழுகிய வெங்காயம். பொறுப்பாளர் எல்லோர் எதிரிலும் சொன்னார்: "இனிமே வகுப்பு நடுவுல இவங்க மேடைல கால வச்சா, அதுதான் இவங்களுக்குக் கடைசி நாள்." இந்த வருடம் அவரை வேண்டாம் என்றுதான் இருந்தார்கள். "அவங்க அடுக்காத தட்ட நான் தொட மாட்டேன்" என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்ததால்தான் உள்ளே விட்டார்கள். தூள் தண்ணீரோடு போயிருந்தால்? அண்ணி மேசையிலிருந்துதான் எடுத்திருந்தால்? ஒருவேளை துணிக்கு அடியில் கிடந்தது தானே கணக்கு தவறி அளந்த இருபத்தாறாவது கிண்ணமாக இருந்தால்? அப்படியென்றால் மறுபடியும் வெங்காயம்தான். தன் வேலை போவது ஒரு பக்கம். தனக்காகப் பேசிய மாஸ்டரின் முகத்தில் எப்படி விழிப்பது?

பெரியவர் ஆறாவது கிண்ணத்தைத் தாண்டினார். விரலை ஈரமாக்கிக்கொண்டு ஏழாவதில் வைத்தார். வாய்க்குக் கொண்டு போனார்.

செக்கிங்கக்கா துணியை இறுக்கிப் பிடித்தார்.

"த்தூ! என்னடி இது, சோப்பு மாதிரி கரிக்குது" என்று பெரியவர் முகத்தைச் சுளித்தார். "யாரு உங்கள நக்கச் சொன்னா?" என்றார் மனைவி. அக்கம்பக்கத்து மேசைகள் சிரித்தன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சோடா.

ஆனால் அந்தச் சிரிப்போடு எட்டாம் மேசைக்காரர் தன் கடைசிக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். பதிமூன்றாம் மேசையில் ஒரு பெண் தன் தோழியிடம் கிண்ணத்தை நீட்டினாள். எப்படிக் கரிக்கும் என்று எல்லோருக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது.

செக்கிங்கக்கா துணியை விலக்கிக்கொண்டு மேடையில் ஏறினார்.

மாஸ்டர் கன்னத்தோரம் ஒட்டியிருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "என்னக்கா?"

"கடைசிக் கிண்ணத்தத் தொட வேண்டாம்னு சொல்லுங்க மாஸ்டர். ஒண்ணுல பாத்திரத் தூள் போயிருக்கு."

"எதுல?"

"தெரியல."

"நிச்சயமா போயிருக்கா?"

"நிச்சயமாத் தெரியல."

"அக்கா." மேடை ஓரத்தில் பொறுப்பாளர் நாற்காலியிலிருந்து எழுவதை இருவருமே பார்த்தார்கள். "இருநூறு பேர் பார்த்துட்டிருக்காங்க. உள்ள போய் நல்லாத் தேடுங்க, நான் அதுவரைக்கும் பேச்ச இழுக்கறேன்."

"தேடறதுக்குள்ள யாராவது வாயில வச்சுடுவாங்க."

அதற்கு மேல் அவர் காத்திருக்கவில்லை. மாஸ்டரின் கையை மைக்கிலிருந்து விலக்கினார். அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் குனிந்து பேசினார். அந்தக் குரல் கூடம் முழுவதும் கேட்டது. அவருக்கே அது யாருடையதோ போல இருந்தது.

"எல்லாரும் கைய எடுங்க. வலது ஓரத்துச் சின்னக் கிண்ணத்த யாரும் தொடாதீங்க, வாயில வைக்காதீங்க. தொட்டவங்க கையக் கழுவாம முகத்துல வைக்காதீங்க."

எங்கோ ஒரு ஸ்பூன் கீழே விழுந்தது.

"மறுபடியுமா?" என்று பொறுப்பாளர் பல்லைக் கடித்தபடி மேடைக்கு வந்தார். மாஸ்டர் ஒரு கணம் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மைக்கில், "அக்கா சொன்னபடி செய்யுங்க. கிண்ணத்த அங்கேயே விட்டுட்டு ஓரடி பின்னால நில்லுங்க" என்றார்.

செக்கிங்கக்கா கையுறை மாட்டிக்கொண்டு பெரிய தட்டோடு இறங்கினார். எடுத்த ஒவ்வொரு கிண்ணத்துக்கு அடியிலும் மேசை எண் எழுதிய சீட்டு வைத்தார். இருபத்திரண்டாம் மேசையில் புதிதாகக் கல்யாணமான ஜோடி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றது. "நாங்க அப்பவே போட்டுட்டோம்" என்றாள் அந்தப் பெண். அவர்களுடைய மாவுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார். சோதித்துப் பார்க்கக் கிண்ணத்தில் ஒட்டியிருந்த துளி போதும்.

மேடை மேசையில் காமிராவுக்குக் கீழே இருபத்தைந்து கிண்ணங்களையும் பரப்பினார். எலுமிச்சையைப் பிழிந்து, ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் விட்டார். சோடாவாக இருந்தால் பொங்கும். தூளாக இருந்தால் பொங்காது.

முதல் கிண்ணம் உஸ்ஸென்று பொங்கியது. இரண்டாவதும். ஜோடியின் கிண்ணத்தில் ஒட்டியிருந்ததும் பொங்கியது. அந்தப் பெண் கணவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்து. பதினைந்து. எல்லாம் பொங்கின. பின்னால் நாற்காலிகளில் பேச்சு கிளம்பியது. "அறிவியல் வகுப்புன்னு தெரியாம வந்துட்டோம்" என்று ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். பதினெட்டும் பொங்கியது. பொறுப்பாளர் காதருகே, "இதோட முடிச்சுக்குங்க" என்றார். எல்லாமே பொங்கிவிட்டால் நல்லது, யாருக்கும் எதுவும் ஆகாது என்று செக்கிங்கக்காவின் ஒரு மனம் வேண்டியது. எல்லாமே பொங்கிவிட்டால் என் கதி என்ன என்று இன்னொரு மனம் பதறியது.

இருபத்தொன்றாவது கிண்ணத்தில் சாறு விழுந்தது. பொங்கவில்லை.

சாறு வெள்ளைப் பொடியின் மேல் அப்படியே தேங்கி நின்றது. பிறகு ஓரத்தில் கலங்கி, சட்டென்று சீறித் தெறித்தது. மெல்லிய ஆவி எழுந்தது. மாஸ்டர் கிண்ணத்தின் பக்கவாட்டில் விரலை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார். "சுடுது" என்றார். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. திரையில் அந்தக் கிண்ணம் ஒரு குளம் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சீட்டில் எண் ஒன்பது.

ஒன்பதாம் மேசையில் தனியாக ஒரு பெண்மணி நின்றிருந்தார். வகுப்பு ஆரம்பத்தில் தன்னைத் தையல்காரி என்று சொன்னவர். திரையைப் பார்த்தபடியே கையை மெல்ல உயர்த்தித் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாயில வச்சீங்களா?" செக்கிங்கக்கா மேடையிலிருந்தே கேட்டார்.

அந்த அம்மாள் இல்லையென்று தலையாட்டினார். "வைக்கலாம்னு எடுத்தேன். நீங்க கத்தினீங்க."

பொறுப்பாளர் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வகுப்பு ரத்து என்று சொல்ல மைக்குக்காகக் கையை நீட்டினார். அதற்குள் செக்கிங்கக்கா பேசிவிட்டார். "தூளக் கிண்ணத்துல எடுத்து வச்சது நான்தான். வேற யார் தப்பும் இல்ல. டப்பா உள்ள இருந்தா ஆபத்துன்னு பயந்து எடுத்து வச்சேன். டப்பாவா இருந்திருந்தா யாரும் எடுத்துத் தட்டுல வச்சிருக்க மாட்டாங்க." துணியின் இடுக்கில் நின்ற அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மூன்று மேசைக்காரர்கள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். வகுப்பைத் தொடரலாம் என்று மாஸ்டர் பொறுப்பாளரிடம் மெதுவாகச் சொன்னார். பொறுப்பாளர் செக்கிங்கக்காவைப் பார்த்து, "சாயங்காலம் ஆபீஸுக்கு வாங்க" என்றார். எதற்கென்று செக்கிங்கக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"சோடாவ யாரு அளப்பா?" என்று மாஸ்டர் கேட்டார். கேள்வி பொறுப்பாளருக்கு, கண் இவர் பக்கம்.

பிரிக்காத புதுப் பாக்கெட்டை மேடையிலேயே பிரித்தார்கள். புதுக் கிண்ணங்களைக் காகிதத்திலிருந்து எல்லோர் எதிரிலும் எடுத்தார்கள். செக்கிங்கக்கா ஸ்பூனைப் பிடித்தார். முதல் ஸ்பூன் மேசையில் சிந்தியது. துடைத்தார். கைகளை மேசையில் ஊன்றி, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு வழித்து வழித்து இருபத்திரண்டு கிண்ணம் அளந்தார். மாஸ்டருக்கு ஒன்று வைத்துவிட்டு மற்றதை அண்ணியிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஒவ்வொரு மேசையாகக் கொடுத்துக்கொண்டு போனார். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் தொடாமல், "அங்க வச்சுடுங்க" என்றார்கள். ஏழாம் மேசைப் பெரியவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒன்பதாம் மேசைக்கு வந்தபோது தையல்காரம்மா கையை நீட்டவில்லை.

"நீங்க சாப்பிடுங்க முதல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

செக்கிங்கக்கா கையுறையைக் கழற்றினார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். வாயை மூடி, உமிழ்நீரில் அது கரைந்து தொண்டைக்குள் இறங்கும்வரை அந்த மேசை முன்னாலேயே நின்றார். தையல்காரம்மா அவர் உதட்டையும் தொண்டையையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லா மேசைகளும் பார்த்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

"ஒரு சிட்டிகை குறைஞ்சுடுச்சு" என்றார் செக்கிங்கக்கா. கையோடு கொண்டுவந்திருந்த புதுப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, அந்தச் சிட்டிகையைக் கிண்ணத்தில் ஈடுகட்டினார். கிண்ணத்தை விரலால் தட்டிச் சமன் செய்தார்.

தையல்காரம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, குடுங்க" என்று இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். செக்கிங்கக்கா கிண்ணத்தை அதில் வைத்தார்.